நூற்று நாற்பது அடியில் வந்த தண்ணீர்

கென்யாவில் எங்கள் முதலாளியின் போர்வெல் ரிக் வண்டி ஒன்று ஓடுகிறது. அதன் டிரில்லருக்கு மலேரியா வந்து ஊர் திரும்பிவிட்டான். பதிலுக்கு என்னைப் போகச் சொன்னார்கள். போனேன். திருச்செங்கோட்டுப் பக்கம் இது பெரிய செய்தி இல்லை. எங்கள் தெருவில் மூன்று பேர் ஆப்பிரிக்கா போய் வந்தவர்கள். அந்த மூவரில் இருவர் சென்னை பார்த்ததில்லை.

வேலை தெரிந்ததுதான். லாரியில் நிற்கும் இயந்திரத்தால் பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுப்பது. முப்பது வருடமாகச் செய்கிறேன். ராசிபுரம், ஆத்தூர், தம்மம்பட்டி வரைக்கும் நான் போட்ட துளைகள் இருக்கின்றன. பாதியில் இப்போது தண்ணீர் இல்லை.

வழியில் ஒரு வளைகுடா நாட்டு விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவர் அளவுக்கு ஒரு டிவி. அதில் ஒரு ஊர் இடிந்து கிடந்தது. எந்த ஊர் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். எனக்குப் படிக்க வராது. ஒரு ஆள் மாவு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினான். பிறகு கைக்கடிகார விளம்பரம் வந்தது. மறுபடி அதே ஆள் ஓடினான். ஆறு மணி நேரத்தில் எட்டுப் பத்து தடவை ஓடியிருப்பான். வீடு போய்ச் சேர்ந்தானா என்று காட்டவே இல்லை.

பக்கத்தில் இருந்தவர் சூடான்காரர். இரண்டு கோட்டும் நான்கு சட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். ஏன் என்று எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் கேட்டேன். பெட்டிக்குத்தான் எடைக் கட்டுப்பாடு, உடம்புக்கு இல்லை என்றார். வீடு எங்கே என்று கேட்டேன். கையைக் கவிழ்த்துக் காட்டினார். முறுக்கு கொடுத்தேன். தின்றுகொண்டே, உங்கள் ஊரிலும் சண்டையா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஏன் கிளம்பினாய் என்றார். தண்ணீர் இல்லை என்றேன். அதுவும் சரியான காரணம்தான் என்பதுபோல் தலையாட்டினார்.

விமானம் நேராகப் போகவில்லை. கீழே சண்டை நடப்பதால் சுற்றிப் போகிறதாம். பின் சீட்டில் ஒருவர் தன் மனைவிக்கு விளக்கினார். நம்மூரில் ஊர்வலம் வந்தால் பஸ்ஸைச் சந்துக்குள் திருப்பி விடுகிறார்களே, அது மாதிரி என்றார். அதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு உலக அரசியல் சொன்னதில்லை.

எந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எங்கள் ஊர் டீக்கடையில் தினம் தீர்ப்பு சொல்கிறார்கள். நான் கவனித்தது ஒன்றுதான். டிவியில் உத்தரவு போடுகிறவர்கள் எல்லாரும் வயதானவர்கள். மூட்டையோடு ஓடுகிறவன் சின்ன வயசுக்காரன்.

முதல் நாள், நைரோபியிலிருந்து ஒரு வேனில் போனேன். பதினான்கு பேர் உட்காரும் வேன். இருபது பேர் இருந்தோம். கூரையில் இரண்டு ஆடுகள். பாதி வழியில் டயர் வெடித்தது. ஜாக்கி இல்லை. டிரைவர் கல் தேடினார். நான் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் இரண்டு வருடம் இருந்தவன். ஒரு மரத்துண்டை அடியில் கொடுத்து நெம்பிக் காட்டினேன். டிரைவர் தோளைத் தட்டி, சீனாக்காரனா என்று கேட்டார். அங்கே ரோடு போட வருகிறவர்கள் சீனாக்காரர்கள். இந்தியா என்றேன். அப்படியானால் எங்கே கடை வைத்திருக்கிறாய் என்றார். அங்கே கடை வைத்திருப்பவர்கள் இந்தியர்கள். கடை இல்லை என்றேன். அதற்கு மேல் அவரிடம் கேள்வி இல்லை.

இரண்டாம் நாள் முகாமில். எங்கள் ரிக் அங்கே நின்றது. முகப்பில் எங்கள் மலைச் சாமி படம், பம்பரில் காய்ந்த எலுமிச்சம்பழம். கூடாரத்திலிருந்து ஒரு கறுப்பு ஆள் வந்தான்.

"வாங்கண்ணா. வண்டி பஞ்சருன்னு சொன்னாங்க. கஞ்சி குடிக்கறீங்களா, சாமி?"

அவன் பெயர் முதுவா. ஒன்பது வருடமாக எங்கள் ஊர் ஆட்களோடு துளைக்கும் ராடு மாட்டுகிறான். எங்கள் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டது. பெரியவர், குழந்தை, வேலியில் நிற்கும் கழுதை எல்லாமே அவனுக்குச் சாமிதான். நீங்கள் அப்படித்தானே பேசுகிறீர்கள் என்றான்.

சாப்பாடு வெள்ளை மக்காச்சோளக் களி. கீரையைப் பொடியாக நறுக்கி வதக்கித் தொட்டுக்கொள்ள வைக்கிறார்கள். எங்கள் சமையல்காரன் பழனிசாமி அதைத் தொடமாட்டான். நாமக்கல்லில் கோழி தின்பதை இவர்கள் தின்கிறார்கள் என்று சிரித்தான். கோழி தின்றதை நாம் முட்டையாகத் தின்கிறோம், ஒரு சுற்று கூடுதல், அவ்வளவுதான் என்றேன். எனக்குக் களி பிடித்திருந்தது. ராகிக் களியை விட ருசி குறைவு. பசிக்கு நிற்கிறது.

டீ வந்தது. எங்கள் ஐந்து பேருக்கு ஸ்டீல் டம்ளர். முதுவாவுக்கும் மற்ற உள்ளூர் ஆட்களுக்கும் பிளாஸ்டிக் டம்ளர். அது தனியாக ஒரு கம்பியில் தொங்கியது. முதுவா நான் பார்ப்பதைப் பார்த்தான்.

"பழனிச்சாமியண்ணன் நல்லவருங்க. டம்ளரு மட்டும் வேற வெப்பாருங்க. உங்கூர்லயும் இப்பிடித்தானுங்களா?"

"இப்ப அதெல்லாம் இல்லப்பா."

"அப்ப இங்க மட்டுந்தானுங்களா?"

 எங்கள் ஊர் டீக்கடையில் எப்போது நின்றது என்று யோசித்தேன். நின்றதா என்றும் யோசித்தேன். கடலைத் தாண்டி வந்தவன் பாறை துளைக்கும் ஹேமரும் பிட்டும் மட்டும் கொண்டுவரவில்லை. அடுத்த டீக்குக் கம்பியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளரை எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை பிளாஸ்டிக் டம்ளர்களை எல்லாம் பழனிசாமி எங்கோ எடுத்து வைத்திருந்தான். எனக்கு ஸ்டீல் வந்தது. அவர்களுக்குத் தகர டப்பா.

மூன்றாம் நாள் கிடூயி பக்கம் ஒரு கிராமத்துக்கு ரிக்கைக் கொண்டுபோனோம். வெளிநாட்டு உதவியில் அங்கே ஒரு போர்வெல் போட வேண்டும். வழியில் ஒரு மணல் ஆறு. ராடு ஏற்றிய சப்போர்ட் லாரி நடு ஆற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் முள்ளை வெட்டிப் போட்டு ஏற்றினோம். அந்த நேரத்தில் ஆற்றைப் பார்த்தேன்.

தண்ணீர் மேலே ஓடவில்லை. பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறும் தண்ணீரைக் குடுவையால் மொண்டு, மஞ்சள் கேனில் ஊற்றினார்கள். எங்கள் பக்கம் திருமணிமுத்தாற்றிலும் இப்படி ஊற்றுத் தோண்டிக் குடித்திருக்கிறோம். பிறகு மணல் லாரியில் போயிற்று. இப்போது சாக்கடையும் சாயமும் ஓடுகிறது. யாரும் தோண்டுவதில்லை. இங்கேயும் சற்றுத் தள்ளி இரண்டு லாரிகள் மணல் ஏற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு மீதிக் கதை தெரிந்துவிட்டது.

அங்கே தோண்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி முவெண்டே. கிராமத்துப் பெண்கள் சங்கத்தின் தலைவி. நாற்பது வயது இருக்கும். இரண்டு மகள்கள். போய் வர நாலு மணி நேரம். ஒரு நாள் பெரியவள் தண்ணீருக்கு, சின்னவள் பள்ளிக்கூடத்துக்கு. மறுநாள் மாற்றி. போர்வெல் வந்தால் இரண்டு பேரும் தினமும் போவார்கள். இதை முதுவா எனக்குச் சொன்னான். அவள் என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான். லாரியை ஆற்றில் நிறுத்தாதே, மழை வந்தால் போய்விடும். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

மழை அங்கே வருடம் இரண்டு தடவை. முன்பு நாள் சொல்லி வந்ததாம். இப்போது மூன்று பருவம் வராமல், நாலாவதற்கு ஒரே நாளில் வந்து பட்டியையும் ஆட்டையும் அடித்துக்கொண்டு போயிற்றாம். எங்கள் பக்கமும் அப்படித்தான். சித்திரை வெயில் மாசியிலேயே வந்துவிடுகிறது. உலகம் சூடாவதைப் பற்றிப் பேச வருடா வருடம் தலைவர்கள் ஏசி அரங்கத்தில் கூடுகிறார்கள். விமானத்தில் வந்து விமானத்தில் போகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் பீப்பாய் பீப்பாயாக டீசல் எரித்துத்தான் தண்ணீர் தேடுகிறேன். முவெண்டேயிடம் மோட்டார் இல்லை, லாரி இல்லை, ஒரு பல்பு உண்டு. மழை முதலில் அவள் வீட்டுக்கு நின்றது.

நான்காம் நாள் துளைத்தோம். ஒரு ராடு இருபது அடி. ஏழாவது ராடில் தண்ணீர் வந்தது. நூற்று நாற்பது அடி. தண்ணீர் அளவு அரை இஞ்ச்சுக்கும் குறைவு. பெண்கள் சேற்றுத் தண்ணீரையே கேனில் பிடிக்க ஓடிவந்தார்கள். முவெண்டே கையில் ஏந்திக் குடித்தாள். என்னவோ சொன்னாள்.

"நல்ல தண்ணிங்கறாங்கண்ணா. போதும், நிறுத்தச் சொல்றாங்க" என்றான் முதுவா.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் இதற்குப் பெயர் தண்ணீர் இல்லை. இதை நம்பி நிறுத்தினால் பங்குனியில் குழாயில் காற்றுதான் வரும். மேல் தண்ணீரைத் தாண்டித்தான் ஊருக்கே பழக்கம். எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்து இருநூறு. முதல் தண்ணீரில் நிறுத்தும் டிரில்லரை மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"இது கை கழுவக் காணாதுப்பா. ராடை மாட்டு."

"உதவிக்காரங்க குடுத்த தாள்ல, தண்ணி வந்தா நிறுத்திட்டு அவங்க ஆபீசரைக் கூப்புடச் சொல்லியிருக்குதுங்க."

தாளை நானும் பார்த்திருந்தேன். அதில் எனக்குப் படிக்கத் தெரிந்தது 150 என்ற எண் மட்டும். மீட்டர். அடியில் நானூற்றுத் தொண்ணூறு. எண் போட்டிருந்தால் அதுவரை போக வேண்டும் என்பது எங்கள் தொழில். மாட்டச் சொன்னேன். மாட்டினான்.

இருபத்து நாலாவது ராடில் பாறை உடைந்து தண்ணீர் பனை உயரம் அடித்தது. இரண்டு இஞ்ச். ஊரே நனைந்தது. பெண்கள் வட்டமாக நின்று பாடினார்கள். பழனிசாமி எலுமிச்சம்பழம் அறுத்தான். நான் ரிக் மேல் நின்றுகொண்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஆடு வந்து குட்டையில் வாயை வைத்தது. எடுத்துவிட்டது. இன்னொன்றும் அப்படியே. முவெண்டே பாட்டை நிறுத்தினாள். குடுவையில் மொண்டு குடித்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். பிறகு அதே குடுவையை மேலே என்னிடம் நீட்டினாள். குடித்தேன். உப்பு. கடல் தண்ணீருக்குச் சித்தப்பன். மேலே இருந்த நல்ல தண்ணீரும் இப்போது அதோடு கலந்து கிடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொருவராக மஞ்சள் கேனை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்கள்.

ஐந்தாம் நாள் ஆபீசர் வந்தார். சின்ன வயசு. அந்த ஊர்க்காரர்தான். உதவி கொடுத்த நாட்டில் ஆட்சி மாறி, எல்லாத் திட்டத்தையும் நிறுத்திவிட்டார்களாம். அவருக்கும் இந்த மாதத்தோடு வேலை இல்லை. தாளில் 'தண்ணீர் கிடைத்தது' என்ற இடத்தில் குறி போட்டுக் கையெழுத்து வைத்தார். உப்பு என்று நான் சொன்னதை முதுவா சொன்னான். அந்தத் தாளில் ருசிக்கு இடம் இல்லை என்றார். கொடுத்த நாட்டின் கொடி வரைந்த பலகை ஒன்று முன்னாடியே வந்து கிடந்தது. கொடியை அழிக்க ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் கொண்டுவந்திருந்தார். அதற்கு உத்தரவு இருந்தது. அவரே அடித்தார். பாவமாக இருந்தது.

கொடுக்கிறவன் நிறுத்தலாம். அது அவன் இஷ்டம். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ராடு உள்ளே இருக்கும்போது யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகமாட்டான். வெளியே எடுத்துவிட்டுத்தான் சண்டை. பெரிய நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ரிக் ஆள் போயிருக்கலாம்.

முதலாளி போன் செய்தார். என்னைவிடச் சின்னவர்.

"ஏனுங்ணா, தண்ணி வந்துருச்சுன்னு கையெழுத்தே போட்டுட்டாங்களாமே. இன்னும் அங்க என்னங்க வேலை? ரோஜாத் தோட்டத்துல தொளை போடற பாயிண்ட்டு காத்துக் கெடக்குதுங்க."

"உப்புங்க."

"உப்பு நம்ம தப்பாங்க?"

"ஆமாங்க."

 இரண்டு நாள் தந்தார். அந்த ரோஜா ஐரோப்பாவுக்குப் போகிறதாம், விமானத்தில். சூடான்காரர் நினைவுக்கு வந்தார். பூவுக்கு யாரும் விசா கேட்பதில்லை.

ஆறாம் நாள் துளையை மூடும் வேலை. அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரை அடைத்துவிட்டு, மேலே நூற்று ஐம்பது அடியை மட்டும் விட வேண்டும். முப்பது வருடத்தில் நான் துளைத்ததைத் திரும்ப நிரப்பியதில்லை. எங்கள் ஊரில் வறண்ட துளையைத் திறந்தே விடுவோம். குழந்தை விழுந்த பிறகு மூடுவோம்.

வெளியே எடுத்த பாறைத் தூளையே முதலில் உள்ளே கொட்டினோம். அதற்கு மேல் அறுபது அடிக்குக் களிமண் வேண்டும். நல்ல களிமண் எங்கே என்று கேட்டேன். முவெண்டே கறையான் புற்றைக் காட்டினாள். ஆள் உயரம், சிவப்பு. அவர்கள் வீட்டுத் தரை அந்த மண்தான். தண்ணீர் பட்டால் இறுகிக்கொள்ளும். முதுவா கடப்பாரையை நீட்டினான். என்னால் வாங்க முடியவில்லை. எங்கள் ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றுவோம்.

"பாம்பு இருக்குமுங்களாண்ணா?"

"சாமி இருக்கும்."

"இங்க கறையான் மட்டுந்தானுங்க."

முவெண்டே என்னைப் பார்த்தாள். பிறகு கடப்பாரையை அவளே வாங்கி இடித்தாள்.

பெண்கள் எல்லாரும் ஆற்றுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அந்தக் கிராமத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. குட்டைத் தண்ணீர் விட்டு மண்ணைப் பிசைந்து எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றாகத் துளையில் போட்டோம். மொத்தமாகப் போட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். நானும் உருட்டினேன். பழனிசாமியும் வந்தான். கூப்பிடவில்லை. அவன் உருட்டியது மட்டும் கொழுக்கட்டை மாதிரி இருந்தது.

உருட்டிக்கொண்டே முவெண்டே கேட்டாள். உங்கள் ஊரில் எத்தனை ஆழம்? ஆயிரத்து இருநூறு அடி என்றேன். அவள் கை நின்றது. என்னவோ முதுவாவிடம் கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கினான்.

"அதுக்கு மேல இருந்த தண்ணியெல்லாம் யாரு குடிச்சாங்கன்னு கேக்கறாங்க."

"நாங்கதான்னு சொல்லு."

சொன்னான். அவள் மறுபடி உருட்டத் தொடங்கினாள்.

ஏழாம் நாள் காலையில் கயிறு விட்டு அளந்தேன். நூற்று ஐம்பத்தைந்தில் நின்றது. கம்ப்ரசரை மெதுவாக வைத்து இரண்டு மணி நேரம் தண்ணீரை வெளியேற்றினோம். பள்ளிக்கூடத்தில் முன்பே வந்து கிடந்த அடிபம்பை மாட்டினோம். முவெண்டே குடித்தாள். நானும் குடித்தேன். உப்பு இருந்தது. முன்னளவு இல்லை. மண் இறுகினால் குறையலாம். கலந்தது பாறைச் சந்தில் தங்கிவிட்டால் குறையாது. எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொல்லச் சொன்னேன். தினமும் அடித்து ஊற்றுங்கள், ஒரு மாதம் பாருங்கள் என்றேன். அவள் பம்புப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் கிளம்பினோம்.

ரோஜாத் தோட்டத்தில் பதினெட்டு நாள் வேலை. பெரிய ஏரிக்கரை. எல்லாத் துளையிலும் நல்ல தண்ணீர். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

ஊர் திரும்பிப் பத்து நாளில், திருச்செங்கோட்டில் வெல்டிங் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது முதுவா போன் செய்தான். லீவு போட்டுக்கொண்டு கிராமத்துக்குப் போய் வந்திருக்கிறான். நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

முதல் வாரம் யாரும் குடிக்கவில்லையாம். அடித்து அடித்துக் கீழே ஊற்றியிருக்கிறார்கள். முறை வைத்து, காலையும் மாலையும். இரண்டாம் வாரம் ஆடு குடித்தது. இப்போது எல்லாரும் குடிக்கிறார்கள்.

"டீல உப்புத் தெரியலைங்கண்ணா. கஞ்சிக்கு மட்டும் உப்புப் போடறதில்லையாமுங்க. அந்தம்மா உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. மறுக்கா வந்தா ஏழு ராடுக்கு மேல எடுத்துட்டு வர வேண்டாம்னாங்க."

சரி என்றேன். வெல்டிங் சத்தத்தில் காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, முவெண்டேயின் சின்னப் பாப்பாவைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாக்கலைங்கண்ணா. நான் போனது பழைய மொறைப்படி அது தண்ணிக்குப் போற நாளு. ஊட்ல இருக்கும்னுதான் போனனுங்க. பள்ளிக்கொடத்துல இருந்துச்சு."